கோடு போடாத எல்போ

தயாளா,

இதைப் பிரித்தவுடன் முதலில் ஒரு காரியம் செய். சோலார் ஹீட்டர் மாட்டுகிறவருக்குப் போன் பண்ணி, நான் சொல்கிறவரை மாடியில் தண்ணீர் திறக்க வேண்டாம் என்று சொல். சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படி. மாடிக் குளியலறையில் ஷவருக்குப் போகிற வெந்நீர்க் குழாய் திரும்புகிற இடத்தில், தரையிலிருந்து உன் நெஞ்சு உயரத்தில், சுவருக்குள் ஒரு எல்போ இணைப்பு இருக்கிறது. அதற்கு நான் பசை போட்டேனா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அதன் மேல் டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. கிரகப்பிரவேசத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் அந்த டைல்ஸை உடைக்க வேண்டும்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். மூன்று முறை போன் பண்ணினேன். முதல் முறை நீ வண்டியில் போய்க்கொண்டிருந்தாய். இரண்டாம் முறை நீ கேட்கத் தயாராகத்தான் இருந்தாய், நான்தான் அங்கே தயிர் கெட்டியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாம் முறை மருமகள் எடுத்து, பந்தல் எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டாள். தெற்குப் பக்கம் என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. அதனால் எழுதுகிறேன். திருப்பதி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பப் போகிறேன். தெலுங்கில் எழுதாமல் தமிழில்தான் எழுதுகிறேன், உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வேகமாகப் படிக்கிறவன் நடுவில் நாலு வரியைத் தாண்டிப் போய்விடுவான், நீ தாண்ட மாட்டாய். எனக்கு அதுதான் வேண்டும்.

உன்னைத் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவன் நான்தான், அதற்காக உன்னைக் குறை சொல்ல முடியாது. நான் மட்டும் என்ன. நான் பிறந்தபோது ஆந்திரா எதுவரை, மெட்ராஸ் எதுவரை என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். நம் பாலசமுத்திரத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருந்த என் பெரியப்பா வீடு மெட்ராஸ் பக்கம் போயிற்று, எங்கள் வீடு ஆந்திரா பக்கம் நின்றுவிட்டது. தமிழ் எழுத்தை நான் பெரியப்பா வீட்டுத் திண்ணையில்தான் கற்றுக்கொண்டேன். அவர் பிள்ளைகள் தமிழில் படித்து மெட்ராஸில் வேலை தேடினார்கள். நான் தெலுங்கில் படித்து, பத்தாவதில் தேறாமல், திருப்பதிக்குப் போய் இரும்புக் குழாய் வேலையில் சேர்ந்தேன். குழாய்க்கு மரை வெட்டி, சணல் சுற்றி, பெயின்ட் தடவி முறுக்க வேண்டும். இரண்டு மாடி ஏற்றுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். அப்போதுதான் பிளாஸ்டிக் குழாய் வந்தது. பழைய மேஸ்திரிகள் விளையாட்டுச் சாமான் என்று கேலி செய்தார்கள். நான் ஒரே தோளில் பத்துக் குழாயைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எதிரிலேயே மாடி ஏறினேன். அன்றிலிருந்து வேறு வேலை பார்க்கவில்லை.

நீ வீடு கட்ட ஆரம்பித்ததிலிருந்து, எந்தக் குழாய் எதற்கு என்று கேட்டு என்னை நச்சரித்தாய். சொன்னேன். வெள்ளைக் குழாய் குளிர்ந்த தண்ணீருக்கு. இளமஞ்சளில் வருகிற சி.பி.வி.சி. வெந்நீருக்கு. சாம்பல் நிறத்தில் பருமனாக வருவது கழிவுக்கும் மழைத் தண்ணீருக்கும், அதை மோட்டார் தண்ணீருக்குப் போட்டால் வெடித்துவிடும். சுருள் சுருளாக வருகிற கறுப்புக் குழாய் போர் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுவர. மண்ணுக்குள் வளைந்து போகும், உடையாது. மொட்டை மாடியில் வெயில் படுகிற வெள்ளைக் குழாய்க்குப் பெயின்ட் அடித்துவிடு, இல்லாவிட்டால் சில வருஷத்தில் காலால் இடித்தாலே நொறுங்கும். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படிக்கவில்லை, தப்புப் பண்ணித்தான் தெரிந்துகொண்டேன். நம் வீட்டுப் பாய்லருக்கு நானே வெள்ளைக் குழாயை மாட்டினேன், உனக்கு நினைவிருக்கும். மூன்றே மாதத்தில் அது வாடின முருங்கைக்காய் மாதிரி தொங்கியது. "கொடிக்கு கொடியும் ஆச்சி, துணி காயப்போட்டுக்கலாம்" என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அந்த மாதிரித் தப்பை ஒத்துக்கொள்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நான் எழுத வந்தது வேறு.

இரு, வேலை செய்கிற முறையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், அது புரியாவிட்டால் மற்றது புரியாது. குழாய் பதிக்கிற அகலத்துக்குச் சுவரில் காடி வெட்டி, குழாயை அளந்து அறுத்து, முதலில் பசை போடாமல் எல்லாவற்றையும் சும்மா சொருகிப் பார்ப்போம். அளவு சரியாக இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி, பசை தடவி, கால்வாசிச் சுற்றுத் திருப்பி அழுத்த வேண்டும். அதைப் பசை என்கிறோமே தவிர, அது குழாயையே கொஞ்சம் இளக்கி ஒன்றோடு ஒன்று சேர்த்துவிடும். ஆனால் சும்மா சொருகினதும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். கையால் இழுத்தால்கூட லேசில் வராது. சில நாள் தண்ணீரும் தாங்கும். மோட்டார் அழுத்தம் வந்து, வெந்நீரில் குழாய் நீண்டு சுருங்க ஆரம்பித்தால் ஒருநாள் கழன்றுவிடும். அதனால்தான் நான் பசை போட்ட ஒவ்வொரு இணைப்பின் மேலும் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போடுவேன். கோடு இருந்தால் முடிந்தது, இல்லாவிட்டால் பாக்கி. திருப்பதியில் என்னைக் கோடு மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள், உனக்கே தெரியும். நீ அதைப் பெருமையாக உன் சிநேகிதர்களிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

போன வாரம் மருமகள் வீட்டுப் படங்களையெல்லாம் சேர்த்து, அஸ்திவாரத்திலிருந்து டைல்ஸ் வரை, பாட்டுப் போட்டு ஒரு வீடியோ அனுப்பினாளே. பத்துத் தடவை பார்த்தேன். பதினோராவது தடவைதான் அந்தச் சுவரைப் பார்த்தேன். நிறுத்திப் பெரிசு பண்ணினேன். மற்ற எல்லாவற்றிலும் கோடு இருக்கிறது. அந்த ஒரு எல்போவில் இல்லை. "அந்த வீடியோவயே இன்னா உத்து உத்து பாத்துக்கினு கீற?" என்று உன் அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். படம் எடுத்த பிறகு நான் பசை போட்டுக் கோடு போட்டிருக்கலாம். போடாமலும் இருந்திருக்கலாம். பம்ப் வைத்து அழுத்தம் கொடுத்துச் சோதித்தாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது குளிர்ந்த தண்ணீர்க் குழாய்க்கு மட்டும். வெந்நீர்க் குழாய்க்குச் செய்யவில்லை. பம்ப்பில் வாஷர் கிழிந்துவிட்டது, நாளைக்கு மாற்றிச் செய்யலாம் என்றிருந்தேன். அதற்குள் சுவரை மூடிவிட்டார்கள். இரண்டு குழாய்க்கும் முடிந்தது என்று உன்னிடம் பொய் சொன்னேன்.

ஆனால் தயாளா, என்னை எழுத வைத்தது அந்த எல்போவும் இல்லை, இந்தப் பொய்யும் இல்லை. கோடு இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் எனக்கு முதலில் வந்த யோசனை என்ன தெரியுமா. குழாய் போட்ட அன்றைக்கு உன் மாமன் முனிரத்தினம் வந்திருந்தான் இல்லையா, அவன் எதையாவது தொட்டிருப்பான் என்று. நானாக யோசிக்கவில்லை, அதுவாக வந்தது. வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்த் தோட்டத்தில் சும்மா நடந்தேன். அவன் மேல் ஒரு தடவை பழி போட்டது போதாதா, இன்னொரு தடவையா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஒரு தடவை போட்டது என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன்.

உனக்கு அப்போது நாலு வயது. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ் கட்டினார்கள், பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. உன் அம்மாவின் தம்பி முனிரத்தினமும் நானும் கூட்டாகக் குழாய் வேலை எடுத்தோம். வேலையில் அவன் என்னைவிடச் சுத்தம். இதையும் நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. திருவிழாவுக்கு முன்னால் திறக்க வேண்டும் என்று முதலாளி விரட்டினார். மூன்றாம் மாடியில் ஒரு குளியலறையில் நான் குழாயைச் சொருகிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பூச்சுக்காரர்கள் காடியை மூடிக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் அந்த மாடியிலேயே இல்லை, மேலே தொட்டி வேலையில் இருந்தான். ஒரு இணைப்புக்குப் பசை போடவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். நிறுத்தச் சொல்ல வாய் திறந்தேன். முதலாளி படியேறி வருவது தெரிந்தது. சொருகினதே கெட்டியாகத்தானே இருக்கிறது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

திருவிழாக் கூட்டத்தில் எல்லா அறையும் நிரம்பியிருந்தபோது அது கழன்றது. தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, இரண்டாம் மாடி அறையின் கூரைப் பூச்சு மொத்தமாகப் பெயர்ந்து, கட்டிலில் படுத்திருந்த ஒரு அம்மாள் மேல் விழுந்தது. தோள் எலும்பு முறிந்துவிட்டது. சாமி பார்க்க அவ்வளவு தூரம் வந்தவள், மலை ஏறாமலே ஊருக்குத் திரும்பினாள். எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். உடைத்த சுவருக்கு முன்னால் நிற்க வைத்து, "ஈ பைப்பு எவரு வேசினாரு?" என்று முதலாளி கேட்டார். இந்தக் குழாயைப் போட்டது யார் என்றார். அந்தக் கேள்வியை அவர் முடிக்கக்கூட இல்லை. "மா பாவமரிதி" என்றேன். என் மைத்துனன் என்று சொல்லிவிட்டேன். முனிரத்தினம் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். பிறகு முதலாளியைப் பார்த்து, "அவுனு சார்" என்றான். ஆமாம் சார், நான்தான் என்று ஒத்துக்கொண்டான். அவர் எல்லார் எதிரிலும் அவனை அறைந்தார்.

வெளியே வந்த பிறகு நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவன் கேட்கவில்லை. "வுடு மாமா. உன் பேரு கெட்டா எங்கக்கா வூட்ல ஒலை ஏறாது. நான் ஒத்த ஆளு, எங்கியாவது போய் துன்னுக்குவேன்" என்றான். அதற்குப் பிறகு திருப்பதியில் எந்தக் கட்டடத்திலும் அவனைச் சேர்க்கவில்லை. பலமனேருக்குப் போய்த் தக்காளி மண்டியில் சேர்ந்தான். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். எனக்கு அடுத்த வருஷமே மூன்று லாட்ஜ் வேலை வந்தது. அந்தப் பயத்தில்தான் பென்சிலை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தேன். எல்லாரும் மெச்சுகிற என் ஒழுங்கு அங்கிருந்துதான் வந்தது. அவன் ஊரைவிட்டுப் போனதற்குச் சொந்தக்காரர்களுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. கவனமில்லாதவன், கைவேலை போதாது என்று நான்தான் சொன்னேன். அது நாளாக நாளாக வீட்டில் ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. தண்ணீர்ச் சொம்பில் ஓட்டை விழுந்தால்கூட, "முனிரத்தினம் தொட்டானா?" என்று உன் அம்மா சிரிப்பாள். நீயும் சிரிப்பாய். நானும் கூடவே சிரித்திருக்கிறேன், அதை நினைத்தால் இப்போது எனக்கு என் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். அந்த எல்போவைச் சொருகிவிட்டுக் கழற்றப் போகிற சமயத்தில்தான் முனிரத்தினம் வந்தான். அக்கா மகன் வீடு கட்டுகிறான் என்று ஒரு கூடைத் தக்காளியைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தான். எத்தனையோ வருஷம் கழித்துக் குழாயைப் பார்த்ததும் அவனுக்கு ஆசையாக இருந்திருக்க வேண்டும். பசை டப்பாவைக் கையில் எடுத்து, "இப்பல்லாம் சின்ன டப்பாவா வருதா மாமா?" என்றான். நீ படியில் நின்றுகொண்டு, "ஐயோ மாமா, நீங்க தொடாதீங்க, அப்புறம் எங்க வூடு ஒழுவும்" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், உன்மேல் தப்பே இல்லை. அவனும் சிரித்துவிட்டு டப்பாவைக் கீழே வைத்தான். நான் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், வா டீ குடிக்கலாம் என்று அவனைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டேன். திரும்ப வந்து என்ன செய்தேன் என்பதுதான் எனக்கு நினைவில் இல்லை. பசை வாசனை நினைவிருக்கிறது, அது எந்தச் சுவரில் என்று தெரியவில்லை. சாயங்காலம் காடியை மூடிவிட்டார்கள். அவன் கை அந்தச் சுவரில் படவே இல்லை. இதை நீ நன்றாக மனசில் வைத்துக்கொள்.

வீடியோ பார்த்த இரண்டாம் நாள், சித்தூரில் பஸ் மாறிப் பலமனேருக்குப் போனேன். உன் அம்மாவிடம் கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன், அதுவும் பொய். முனிரத்தினம் மண்டியில் பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னான். அன்றைக்கு லாட்ஜில் நான் செய்தது தப்பு என்றேன். உன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனது, இரண்டே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவன் கையை நிறுத்தவில்லை.

"இத்த சொல்றதுக்கா பஸ் ஏறி வந்தே?" என்றான். "எனக்குத் தெரியாததா மாமா? நான் அந்த மாடியிலயே இல்லியே."

"மனசு கேக்கல முனிரத்தினம்."

"தெரிஞ்சவன்கிட்ட வந்து சொன்னா இன்னா ஆவும்? தெரியாதவங்ககிட்ட போய் சொல்லு. அக்காவுக்குத் தெரியாது. தயாளனுக்குத் தெரியாது. எம் பொண்டாட்டிகூட நீ சொன்னதத்தான் நம்பிக்கினு கீறா. நானே சொன்னா சப்பக்கட்டு கட்றன்னுவாங்க." அழுகின பழம் ஒன்றை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, "கிரகப்பிரவேசத்துக்கு நான் வரல மாமா. புதுசா கட்ன வூட்ல போய் அந்தப் பேச்சு இன்னொரு தபா கேக்க என்னால ஆவாது" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்கிற மாதிரி சொன்னான். சாப்பிடவும் வைத்துத்தான் அனுப்பினான்.

நேற்று இந்தக் கடிதத்தை இதுவரைக்கும் எழுதி, உன் அம்மாவை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். முடித்ததும் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கிப் பார்த்தாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது. "கூடப் பொறந்தவன, என் வாயாலயே இத்தினி வருசம் பேச வெச்சியே" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய் இரண்டு புடவையைப் பையில் வைத்துக்கொண்டு, தம்பி வீட்டுக்குப் போக சித்தூர் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். பஸ் ஸ்டாப்பில் அவள் பக்கத்தில் நின்றேன், அவள் நகர்ந்து நின்றுகொண்டாள். நான் போன் பண்ணினால் எடுக்கவில்லை. நீ பண்ணினால் எடுப்பாள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாளா என்று மட்டும் கேட்டுச் சொல்.

எனக்கு இங்கே உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து போய்க் குழாய் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்கிறேன், திரும்ப வந்து ஒரு வரி எழுதுகிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். டைல்ஸ்காரரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் ஒரே ஒரு டைலை மட்டும் எடுக்கச் சொல். சுத்தியால் அடிக்க விடாதே, அடி குழாயில் இறங்கும், ஓரம் அறுத்து எடுக்கட்டும். சிமெண்டைச் சுரண்டினால் எல்போ தெரியும். குறுக்கே பென்சில் கோடு இருந்தால் பசை போட்டிருக்கிறேன் என்று அர்த்தம். கோடு இல்லாவிட்டால் யோசிக்காதே, இரண்டு பக்கமும் அறுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும். அதை நான் செய்ய மாட்டேன். என் நினைவை இனிமேல் நான் நம்பவில்லை, நீயும் நம்பாதே. மாமாவைக் கேள். அவன் மாட்டேன் என்றால் வேறு நல்ல ஆளாகப் பார்.

கோடு இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று இந்தக் கடிதத்தைத் தூரப் போட்டுவிடாதே. உன் எல்போ சரியாக இருப்பதால் அந்த லாட்ஜ் எல்போ சரியாகிவிடாது. எப்படி இருந்தாலும் நீ பலமனேருக்கு நேரில் போ, மருமகளையும் கூட்டிக்கொண்டு போ, தாய்மாமனை அழைக்கிற முறைப்படி தாம்பூலத்தட்டு வைத்து அழை. நீ படியில் நின்று சொன்ன வார்த்தைக்கு அவனிடம் வருத்தம் சொல்ல நினைப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். சொல்லாதே. அது உன் வார்த்தை இல்லை, நான் உனக்குப் பழக்கின வார்த்தை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. எடுத்த டைலைக் கிரகப்பிரவேசம் முடிகிறவரை திரும்ப ஒட்ட வேண்டாம். சுவர் ஓட்டையாகவே இருக்கட்டும். வருகிறவர்கள் எல்லாரும் மாடிக்கு ஏறி, புது வீட்டில் இது என்ன ஓட்டை, யார் வேலை பார்த்தது என்று கேட்பார்கள். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் காலையிலிருந்து அந்தச் சுவர் பக்கத்திலேயே நிற்கிறேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் இந்தச் சுவரையும் சொல்கிறேன், அந்த லாட்ஜ் சுவரையும் சொல்கிறேன். முனிரத்தினத்தை மட்டும் எப்படியாவது அங்கே கொண்டுவந்து நிறுத்து. அவன் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

உன் நைனா